பொதுச்சுவர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

வீடு மாறிவிட்டோம். புது முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் பழைய கடையைவிடக் குறைவு, ஆனால் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கிறது. வாலுவின் நுரையீரலில் கோத்திருந்த நீர் வற்றிவிட்டது. இதயம்தான் இன்னும் சரியாக அடிக்கவில்லை என்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். பதின்மூன்று வயசுப் பெண், மரத்துக்கு மரம் தாவுகிறாள் என்றுதானே அவளுக்கு நாம் அந்தப் பெயரை வைத்தோம்.

உங்கள் கோதுமைக் கிடங்கில் பூச்சியைக் கொல்ல வைத்த மாத்திரையின் வாயு, கிடங்குக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தாண்டி, அவள் படுத்திருந்த அறைக்குள் வந்தது. டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாலுவின் பேரில், அவளுடைய அப்பாவும் காப்பாளனுமாக நான் உங்கள் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடுகிறேன். நோட்டீஸ் இந்த வாரம் வரும். தபால்காரர் முன்னால் நின்றுகொண்டு திடீரென்று தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

கோபத்தில் செய்யவில்லை. சிகிச்சை பல வருஷம் போகும். லென்ஸ் தேய்த்து அதைக் கட்ட முடியாது.

போன் செய்ய வேண்டாம். வழக்கு முடியும்வரை பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

நோட்டீஸ் வந்தது. அதைப் படித்து நான் அழவில்லை. உன் கடிதத்தில் 'உங்கள், உங்கள்' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் அழுதேன். மூக்கு ஒழுகின காலத்தில் இருந்து என்னை 'வாடி, போடி' என்று கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கினவன் நீ. அந்த அடியெல்லாம் வீணாகப் போகவில்லை பார், இப்போது மரியாதை வந்துவிட்டது.

போன் எடுக்க மாட்டாய். சரி. கடிதம் என்றால் யாராவது பிரித்துத்தான் ஆக வேண்டும். என் வக்கீலும் எழுதாதே என்கிறார். "நீங்க எழுதற ஒவ்வொரு வரியும் சாட்சியாயிடும்மா"ன்னு தலையில் அடித்துக்கொள்கிறார். சாட்சி ஆகட்டும். நான் சொல்வதற்கு சாட்சி வேண்டும் என்றுதான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் என்ன தப்புச் செய்தேன்? அதைச் சொல். மருந்து வைத்தவர் லைசென்ஸ் உள்ளவர், இருபது வருஷமாக இதே தொழில். ஜன்னல், கதவிடுக்கு, காற்றுத் துவாரம், எல்லாவற்றிலும் தாளும் டேப்பும் ஒட்டினோம். மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் ஓர் ஆள் நடக்க இடம் விட்டிருந்தது. டார்ச் அடித்து நாலு சுவரையும் பார்த்தோம். பொதுச்சுவரை நானே கையால் தடவிப் பார்த்தேன், அந்தப் பக்கம் நம் பிள்ளை இருக்கிறாள் என்பதற்காகவே. வெள்ளைவெளேர் என்று இருந்தது, ஒரு கீறல் கிடையாது. வாசலில் மண்டையோடு போட்ட பலகை. உன் வீட்டுக்கும் வந்து சொன்னேன். உன் பெண்டாட்டி "சரிங்க அண்ணி, பிள்ளைய அந்தப் பக்கம் விடல"ன்னு சொன்னாள். விடவும் இல்லை. பாவம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் கட்டிலில் தூங்கினாள் குழந்தை, அவ்வளவுதானே.

உன் அத்தான் போன பிறகு இந்தக் கிடங்கை நான் நடத்துகிறேன். கோதுமையில் கல் கலந்தாள் என்று எவனும் சொன்னதில்லை. இப்போது மூட்டை தூக்குகிறவர்கள்கூட நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "சொந்தத் தம்பி பிள்ளைக்கே விஷம் வச்சவ" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள் எதிர்க்கடைக்காரி.

பணம்தான் வேண்டும் என்றால் நீ கேட்கும் முன்னமே கொடுத்திருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை மறித்தாயே, அப்போதும் கையில் பணப்பையோடுதான் வந்திருந்தேன். ஆனால் தப்பு என்னுடையது என்றால், அது எந்தத் தப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

'நீ' என்றே எழுதுகிறேன். போன கடிதம் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தது.

நீ கேட்டதற்கு பதில் இருக்கிறது. எங்கள் வக்கீலம்மா விளக்கமாகச் சொன்னார், எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

"சாதாரணமா ஒருத்தரால நமக்கு நஷ்டம்னா, அவர் கவனக்குறைவா இருந்தார்னு நாமதான் நிரூபிக்கணும். தப்பு இல்லேன்னா நஷ்டஈடும் இல்லை. இது முதல் வகை. ரெண்டாவது, கடுமையான பொறுப்பு. ரொம்பப் பழைய வெளிநாட்டு வழக்கு அது. ஒருத்தர் தன் நிலத்துல தண்ணி தேக்கினார். அது அடிவழியா இறங்கிப் பக்கத்துக்காரரோட சுரங்கத்தை மூழ்கடிச்சிடுச்சு. தேக்கினவர் மேல தனிப்பட்ட தப்பு எதுவும் இல்லை. ஆனாலும், ஆபத்தானதைக் கொண்டுவந்து வச்சது நீ, அது தப்பிச்சு வெளிய போனா நீதான் கட்டணும்னுட்டாங்க. ஆனா அதுல சில விலக்கு உண்டு. வெள்ளம், பூகம்பம் மாதிரி கடவுள் செயல், பாதிக்கப்பட்டவரோட சம்மதம், பாதிக்கப்பட்டவரே செஞ்ச தப்பு, இல்ல யாரோ அந்நியர் செஞ்ச காரியம். இதுல ஒண்ணைக் காட்டினா தப்பிச்சிடலாம்."

மூன்றாவது நம் நீதிபதிகள் வகுத்ததாம். ஒரு தொழிற்சாலையில் வாயு கசிந்த வழக்கில். "அபாயமான தொழிலை லாபத்துக்கு நடத்துறவங்களுக்கு அந்த விலக்கு ஒண்ணுகூடக் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. யாரால போச்சு, எப்படிப் போச்சு, நீ எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தே, எதுவும் பேச வேண்டாம். வெளிய போச்சா, ஆளுக்கு அடிபட்டுதா? கட்டு. இதுக்குப் பேர் முழுப் பொறுப்பு."

நம் வழக்கு இந்த மூன்றாவது வகை. நானேதான் இதைக் கேட்டு வாங்கினேன். ஆகவே நீ தப்புச் செய்தாய் என்று நோட்டீஸில் எங்கேயும் இல்லை, மறுபடி படித்துப் பார். உன்னைக் கூண்டில் ஏற்றிக் குடைய மாட்டார்கள். மருந்துக்காரரையும் இழுக்க மாட்டார்கள். இதைவிட மரியாதையாக ஒருவன் தன் அக்காமேல் வழக்குப் போட முடியாது.

வாலு நேற்று மாடிக்கு ஒரே தடவை உட்கார்ந்து ஏறினாள்.

தம்பி


பிப்ரவரி 8

மரியாதை தெரிந்த தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் தப்புச் செய்தேன் என்று நீ சொல்லவில்லையாம். செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டாயாம். யாருமே கேட்க மாட்டார்களாம், நான் கட்டிவிட்டுப் போக வேண்டுமாம். டேய், கேட்டுவிட்டுத் திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். நிரூபித்துவிட்டு தண்டித்தால் தலையைக் குனியலாம். கேட்காமலே கட்டச் சொன்னால், எதிர்க்கடைக்காரி சொன்னதை நீதிமன்றமும் முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஊருக்கு உன் மூன்றாவது வகை, முப்பதாவது வகையெல்லாம் தெரியுமா? 'கட்டினா இல்ல, அப்ப செஞ்சிருக்கா' என்பார்கள். கதை முடிந்தது.

என் வக்கீல் சிகரெட்டை விட்டதில் இருந்து எந்நேரமும் மிட்டாய் சப்புகிற மனிதர். அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அந்த மூணாவது விதி பெரிய கெமிக்கல் ஆலைக்கும்மா, தானியக் கிடங்குக்கு இல்ல. ரெண்டாவது விதிதான் இங்க பொருந்தும்னு அடிச்சுப் பேசலாம். அப்பதான் விலக்கெல்லாம் நமக்குத் திறக்கும்" என்றார். எந்த விலக்கு என்று கேட்டேன். "சுவரைப் பாத்தாத் தெரிஞ்சிடும். காத்து சும்மா வராதில்ல? எங்கேயோ வழி இருக்கு. அந்த வழியை யார் போட்டாங்கன்றதுதான் கேள்வி" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கேள்வி என்று ஒன்றை ஒருவராவது கேட்கிறாரே. மாதக் கடைசியில் ஒரு கட்டட இன்ஜினியர் வருகிறார். நீ காலி செய்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, வீட்டுக்காரர் சாவி தருகிறேன் என்றுவிட்டார். இரண்டு பக்கமும் பார்க்கப் போகிறார்கள். பார்க்கட்டும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை.

வாலு படியேறினாள் என்று படித்ததும் எல்லாக் கோபமும் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது. அப்புறம் திரும்பி வந்துவிட்டது.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன்.

சுவரைக் குடைந்து யாருக்கு என்ன லாபம்? இன்ஜினியரை வரச் சொல்லாதே. கேட்ட தொகையில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். வக்கீலம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, திட்டுவார், பரவாயில்லை. நீ அபாயமான தொழில் என்று ஒத்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் இரண்டு பேரும் நீதிமன்றத்துக்கே போக வேண்டாம்.

வாயு எங்கே வேண்டுமானாலும் நுழையும். செங்கல்லே மூச்சு விடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். பழைய கட்டடம், சாந்து உதிர்ந்திருக்கும். இதற்கு ஒரு இன்ஜினியர் வேண்டுமா? வீட்டுக்காரரும் பிறகு சுவரைப் பூசிக் கொடு என்று என் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார்.

வாலுவும் போன வாரம் கேட்டாள், "சுவர் வழியா எப்படிப்பா வந்துச்சு? நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன்?" என்று. காற்றுதானே, எங்கே வேண்டுமானாலும் போகும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். நீயும் கேட்டுக்கொள்ளேன்.

அவள் உன்னைத் தேடுகிறாள். கையெழுத்துப் போட்ட மறுநாளே வந்து பார்க்கலாம்.

தம்பி


மார்ச் 3

தம்பி,

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீ எழுதின கடிதம் வந்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் இன்ஜினியரை நிறுத்தவில்லை. என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

உன் வீட்டுப் பக்கம் முதலில் போனோம். வாலுவின் கட்டில் கிடந்த இடத்துக்கு மேலே, சுவரில் ஒரு துளை. சுண்டுவிரல் நுழைகிற அளவு. "டிரில் போட்டிருக்காங்க. மெஷின்ல மாட்டின கம்பி நீளம், இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போயிடுச்சு" என்றார் இன்ஜினியர். கிடங்குப் பக்கம் வந்தோம். நான் கையால் தடவின அதே சுவரில் துளை வாய் திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில், வெள்ளையாகச் சில துண்டுகள் உடைந்து கிடந்தன. அவர் பொறுக்கி எடுத்து "சுண்ணாம்பா, சுவருக்குப் பூசுற பட்டியா, என்னன்னு தெரியல. காய்ஞ்சு சுருங்கித் தெறிச்சிருக்கு" என்றார். நான் ஒன்றை வாங்கி மோந்து பார்த்தேன். பழசாகிப்போன புதினா வாசனை.

என்னிடம் கேட்டார்கள், "உங்களுக்குத் தெரியுதாம்மா?" என்று. தெரியவில்லை என்றேன்.

தெரியாமல் இருக்குமா? அப்பா வருஷத்துக்கு ஒரு வீடு மாற்றினார். காலி செய்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் நாம் இரண்டு பேரும் பற்பசை வைத்து விரலால் தேய்ப்போம், வீட்டுக்காரர் முன்பணத்தில் கழிக்கக்கூடாது என்று. வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பற்பசை, பார்த்த எவனும் கண்டுபிடித்ததில்லை. அந்த வித்தையை உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். நீ போன வருஷம் டிரில் மெஷின் வாங்கி, பார்க்கிற இடமெல்லாம் துளை போட்டுக்கொண்டு திரிந்தாய். வாலுவுக்குப் புத்தகப் பலகை மாட்டப் போகிறேன் என்றாய், மாட்டவே இல்லை. ஒரு நாள் கிடங்குக்குள் வந்து மூட்டைக்கு நடுவில் எதையோ தேடினாய். என்னடா என்றால் "பேனா விழுந்துடுச்சு" என்றாய். உன் பேனா என் கிடங்கில் எப்படி விழும், இந்தப் பக்கத்து ஓட்டைக்குப் பற்பசை வைக்கத்தான் வந்தாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை பார்.

வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார். துளையை அந்தப் பக்கத்தில் இருந்து போட்டிருக்கிறார்கள், குடியிருந்தது நீ, இது போதும் என்றார். பாதிக்கப்பட்டவரே செய்த தப்பா என்று கேட்டேன். "இல்லம்மா. வழக்கு குழந்தையோடது. குழந்தை துளை போடல. அப்பா போட்டார். அதனால நாம அந்நியர் செயல்னு எழுதணும். சட்டத்துக்கு அவர் வெளியாள்தானே?" என்றார்.

மிட்டாயை வாயில் இருந்து எடுத்துவிட்டேன்.

தம்பி, நான் கேட்டது கிடைத்துவிட்டது. என்மேல் தப்பில்லை என்று நீதிபதி வாயால் சொல்ல வைக்கலாம். எதிர்க்கடைக்காரியின் முகத்தில் கரியைப் பூசலாம். இதற்காகத்தானே இரண்டு மாசமாகச் சண்டை போட்டேன்? ஆனால் அதற்கு உன்னை வாலுவுக்கு அந்நியன் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னை வாசலில் மறித்தாயே, அன்றைக்கு உன் சட்டையைப் பார்த்தேன். அவள் எடுத்த வாந்தி காய்ந்து போயிருந்தது, மாற்றிக்கொள்ளக்கூட உனக்குத் தோன்றவில்லை. உன்னை அந்நியன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இதுதான் போல.

அழுகையோடு மட்டும் இதை முடிவு செய்யவில்லை, யோசித்தும் பார்த்தேன். உன் வக்கீலம்மாவின் மூன்றாவது விதியை முதலில் அநியாயம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சுவரில் துளை போடாத மனிதன் உண்டா? எலி போடும், கொத்தனார் விட்டுவைப்பார், குடியிருப்பவன் பலகை மாட்டுவான். நஞ்சு இல்லாத இடத்தில் ஓட்டை வெறும் ஓட்டைதான். அந்த நஞ்சைக் கொண்டுவந்தது நான். பிள்ளை தூங்குகிற சுவருக்குப் பக்கத்தில் வைத்தது நான். பூச்சி அரிக்காத கோதுமையை விற்று லாபம் பார்ப்பதும் நான். எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்தேன் என்று சொல்லலாமே தவிர, வைக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

அதனால் முழுப் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பாதி வேண்டாம், முழுசாகவே. கிடங்கில் தெருப்பக்கத்துப் பாதியை விற்கப் பேசியாகிவிட்டது. இன்ஜினியர் அறிக்கை நான் காசு கொடுத்து வாங்கினது, அது என் பெட்டியிலேயே இருக்கும். வக்கீல் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார். ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். அது வலிக்கத்தான் செய்கிறது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்று. வாலுவிடம் எதையும் சொல்லாதே. காற்று எங்கே வேண்டுமானாலும் போகும் என்றே இருக்கட்டும். யாருமே கேட்காத கேள்விக்கு நீயாகப் போய்ப் பதில் சொல்ல வேண்டாம்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதம் கடைக்கு வந்தது. லென்ஸ் தேய்க்கிற மேஜையிலேயே படித்தேன். முதலாளி "கண்ணுல தூசி விழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரே ஒரு துணியை நனைத்துக் கொடுத்தார்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே எனக்குத் தெரியும். அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கட்டில்மேல் காய்ந்த பற்பசைத் துண்டு உதிர்ந்து கிடந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் பையோடு வந்து நின்றாயே, உன்னை வாசலில் மறித்தது உன்மேல் கோபத்தில் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் வாயில் இருந்து வந்துவிடும் என்ற பயத்தில். வக்கீலம்மா மூன்று வகையையும் சொன்னபோது, யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்ற வகையை நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். உனக்கு மரியாதை என்று எழுதினேன். அது எனக்கு ஒளிந்துகொள்ள இடம்.

நீ அந்த இடத்தை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டாய். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது வாலு மறுபடி கேட்டாள். "அப்பா, காத்து எங்க வேணா போகும்னா, அத்தை வீட்டுக்கு ஏன் போகல? கிடங்குக்கு அந்தப் பக்கம் அவங்க வீடுதான?"

சட்டம் என்னைக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. அவள் கேட்டாள். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும் சொல்லிவிட்டேன். டிரில், பலகை, பற்பசை, கிடங்கில் விழாத பேனா, எல்லாம். அவள் அம்மாவுக்கும் அப்போதுதான் தெரியும். கையில் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தாள்.

வாலு தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அத்தைக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா கிடங்க விக்கறாங்க?"

"ஆமா."

"ஏன்?"

வக்கீலம்மா சொன்ன விதியைச் சொல்ல ஆரம்பித்தேன். அபாயமானதை வைத்திருப்பவர் விலக்கு இல்லாமல் பொறுப்பு, யார் தப்பு என்று பார்க்க மாட்டார்கள், என்றெல்லாம். "அது கோர்ட்டு பாக்காது. அத்தை பாத்தாங்க இல்ல? பாத்துட்டும் ஏன்?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறாள். நான் வாங்கிவந்த பழத்தைத் தொடவில்லை. நேற்று மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது கை கொடுத்தேன். தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள். அம்மாக்காரி அழுகிறாள். எனக்கு ஏனோ அழுகை வரவில்லை. எந்தப் பிள்ளையாவது ஒரு அந்நியன்மேல் இப்படிக் கோபப்படுமா, சொல்.

"அத்தை வரட்டும். அவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் உங்ககூடப் பேசறதா வேணாமான்னு பாக்கறேன்" என்று அவள் அம்மா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வக்கீல்கள் என்ன சொன்னால் என்ன, ஞாயிற்றுக்கிழமை வா. நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். அவளிடம் என்னைத் தப்பவைக்கிற மாதிரி எதுவும் சொல்லாதே, அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

உன் தம்பி